தேவன் அவனை மன்னித்துவிட்டாராம். நான் என்ன செய்வது?

மூத்தவள் எழுதியது:

இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்று கேட்டே ஆக வேண்டும் போலிருக்கிறது.

என் தம்பி பல வருஷம் குடித்தான். அப்பா வீடு கட்ட வைத்திருந்த ஓய்வுப் பணத்தைப் பொய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துத் தீர்த்தான். அதற்கப்புறம் அப்பா அவனோடு பேசவில்லை. பேசாமலே இறந்தும் போனார். அம்மா என்னோடு இருக்கிறார். அவன் வைத்த கடனையும் நான்தான் அடைத்தேன்.

இப்போது அவன் மனந்திரும்பியிருக்கிறான். குடி நின்றுவிட்டது, அது உண்மைதான், விசாரித்துவிட்டேன். ஞானஸ்நானம் எடுத்தான். போன மாதம் அவனுடைய சபையில் சாட்சி சொல்லியிருக்கிறான். என் பாவங்களையெல்லாம் கர்த்தர் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார் என்று அழுதிருக்கிறான், சபையும் சேர்ந்து அழுதிருக்கிறது. யாரோ வீடியோ அனுப்பினார்கள். முழுவதும் பார்த்தேன். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. பணத்தைப் பற்றியும் இல்லை. என்னிடம் இதுவரை "தப்பு பண்ணிட்டேன் அக்கா" என்று சொன்னதும் இல்லை.

சின்ன வயதிலிருந்தே நான் விசுவாசி. கிருபையைப் பற்றி எத்தனையோ பாட்டுப் பாடியிருக்கிறேன். இப்போது அந்தப் பாட்டுகள் வந்தால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. இழந்தது நாங்கள். எங்களைக் கேட்காமல் தேவன் எப்படி மன்னித்தார்? நான் இன்னும் மன்னிக்கவில்லை என்றால் இப்போது குற்றவாளி நானா?

ஜெபவீரன்77 எழுதியது:

சகோதரி, மத்தேயு 6:15 தெளிவாக இருக்கிறது. "மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னியாதிருந்தால், உங்கள் பிதா உங்கள் தப்பிதங்களையும் மன்னியாதிருப்பார்." கசப்பு பிசாசுக்குக் கதவு திறந்துவிடும். இன்றே முழங்காலில் நின்று மன்னித்துவிடுங்கள், சமாதானம் வரும். உங்கள் தம்பி இரட்சிக்கப்பட்டதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

நான் விசுவாசி இல்லை, ஆனாலும் இந்தப் பகுதியை விடாமல் வாசிப்பவன். மேலே இருக்கும் பதில்தான் என்னைப் போன்றவர்களை வெளியே நிறுத்துகிறது. ஒரு பெண் அப்பாவை இழந்து, பணத்தை இழந்து, கடன் கட்டி, அம்மாவையும் பார்த்துக்கொள்கிறார். திருடியவனுக்குக் கைதட்டல், இவருக்கு எச்சரிக்கை.

என் கேள்வி நேரடியானது. பாதிக்கப்பட்டவர் மன்னிக்கலாம், அது அவருடைய உரிமை. சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் வந்து "நான் மன்னித்துவிட்டேன்" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? உங்கள் சங்கீதம் 51இல் தாவீது, "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்" என்கிறான். ஒருவருக்கே? தன் படைவீரன் உரியாவைக் கொன்றுவிட்டு, அவன் மனைவியை எடுத்துக்கொண்டு, "உமக்கு ஒருவருக்கே" என்றால் உரியா எங்கே போனான்?

இன்னொன்றும் சொல்கிறேன். உலகமே பாடும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748இல் கடலில் புயலில் சிக்கி மனந்திரும்பினார் என்று எல்லாச் சபையிலும் சொல்கிறார்கள். அதற்கப்புறம்தான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டன் ஆனார் என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? 1754 வரை மனிதர்களை ஏற்றிப்போனார். கிருபை அவருக்குக் கிடைத்தது. கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

சிற்றூழியன் எழுதியது:

நான் ஒரு சிறிய சபையின் போதகர். கேள்விக்குறி கேட்டது நியாயமான கேள்வி, அதை ஓரம் கட்டிவிட்டு மூத்தவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

தாவீதிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சங்கீதத்தை மட்டும் வாசித்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதன் பின்னணியான 2 சாமுவேல் 12ஐ வாசியுங்கள். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்து தேவனுடைய கோபத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்கவில்லை. ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொன்னார். நஷ்டப்பட்டவனை முதலில் கண்முன் நிறுத்தினார். அப்புறம், "ஏத்தியனாகிய உரியாவை நீ பட்டயத்தால் மடிவித்தாய்" என்று பெயரைச் சொல்லியே கேட்டார். மன்னிப்பு அதற்கெல்லாம் பிறகு, 13ஆம் வசனத்தில் வருகிறது. அப்போதும் விளைவுகள் நின்றுபோகவில்லை. தாவீதின் வீடு அந்த நாளுக்குப் பிறகு நிம்மதியாக இருந்ததே இல்லை.

தேவன் ஏன் மன்னிக்க முடியும் என்றால், உரியாவும் அவருடையவன் என்பதால். அவர் மூன்றாவது ஆள் இல்லை. உங்கள் அப்பாவுக்குச் செய்தது அவரைப் படைத்தவருக்கும் செய்ததுதான். அவர் தம் பங்கை மன்னிக்கிறார். உங்கள் பங்கை உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதில்லை.

நியூட்டனைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1788இல் அவர் அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஒரு நூல் வெளியிட்டார். அந்தத் தொழிலை விட்டு 34 வருஷம் கழித்து. அதில் தன் பங்கை மறைக்கவில்லை, அவமானத்தோடு ஒப்புக்கொண்டார். பிரிட்டன் அந்த வியாபாரத்தை 1807இல் தடை செய்தது. அதே வருஷக் கடைசியில் அவர் இறந்தார். கிருபை 1748இல் வந்தது, கண் திறக்க நாற்பது வருஷம் ஆனது. அந்த நாற்பது வருஷத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இன்னொரு விஷயம், இது என்னைப் போன்ற போதகர்களுக்கு. ஒருவர் விசுவாசத்துக்கு வந்த சில மாதங்களில் அவரை மேடை ஏற்றி மைக்கைக் கொடுப்பது எங்களுக்கும் பழகிப்போய்விட்டது. கூட்டத்துக்கு நல்லது, அவருக்கு நல்லதல்ல. மேடை ஏறுவதற்கு முன் "வீட்டில் யாரிடமாவது போக வேண்டியது பாக்கி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

ஜெபவீரன்77 எழுதியது:

போதகரே, இரட்சிப்பு கிரியைகளினால் உண்டானதல்ல, எபேசியர் 2:8, 9. மன்னிப்புக்கு முன் போய் இதைச் செய், அதைச் செய் என்றால் அது கிருபையே இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளன் யாரிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான்?

மெழுகுதிரி எழுதியது:

கள்ளனால் ஆணியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை, அதனால் கொடுக்கவில்லை. மூத்தவளின் தம்பிக்கு இரண்டு கையும் சும்மாதானே இருக்கிறது?

நான் கத்தோலிக்கப் பெண், எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைச் சொல்லி, மனம் வருந்தி, குருவிடம் மன்னிப்புப் பெறுகிறோம். அந்த மன்னிப்பு முழுமையானது, இலவசமானது. ஆனால் அது பாவத்தைப் போக்குகிறதே தவிர, பாவத்தால் விளைந்த கேடுகளையெல்லாம் சரிசெய்துவிடாது என்று எங்கள் மறைக்கல்வி நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சரிசெய், காயத்துக்கு ஈடு செய். இதெல்லாம் நீதிக்காக, மன்னிப்பை விலைக்கு வாங்குவதற்காக அல்ல.

இது கிரியையினால் இரட்சிப்பு என்று சண்டைக்கு வருவதற்கு முன் ஒரு தகவல். 1999 அக்டோபர் 31 அன்று லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம். அவர் நற்செயல்களுக்கு நம்மைத் தயாராக்குகிறார் என்பதுதான் அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006இல் சேர்ந்துகொண்டார்கள். சீர்திருத்தச் சபைகள் 2017இல். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்ததை நாம் இங்கே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுபடி தொடங்க வேண்டாமே.

பழைய கணக்காளர் எழுதியது:

வேலை பார்த்த காலம் முழுவதும் கணக்குப் புத்தகங்களோடு இருந்தவன். அதனால் இயேசு கடனைப் பற்றிப் பேசினால் நான் தொகையைப் பார்ப்பேன். பழக்கதோஷம்.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையில் ஓர் ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியென்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் வருஷம். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கே வருஷ வருமானம் 200 தாலந்து என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். ஒரு குறுநில மன்னனின் 50 வருஷ வருமானம்! "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அந்த ஊழியக்காரன் சொல்வதைக் கேட்டு முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது.

இதைத்தான் எல்லாரும் பிரசங்கம் பண்ணுவார்கள். நான் பார்த்தது அடுத்த தொகை. ராஜா அவ்வளவையும் மன்னித்துவிட்டார், ஆனால் அவன் வெளியே போய் தனக்குக் கடன்பட்ட உடன் ஊழியக்காரனின் கழுத்தைப் பிடித்தான். அந்தக் கடன் நூறு வெள்ளிப்பணம். அது அற்பம், தூசு என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். இல்லவே இல்லை. நூறு நாள் கூலி. ஒரு குடும்பம் மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடும் பணம். இயேசு "ஒன்றுமில்லாத கடனுக்காகவா கழுத்தைப் பிடித்தாய்?" என்று கதை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையான கடன், உண்மையான நஷ்டம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார்.

மூத்தவளே, உங்கள் நூறு வெள்ளிப்பணம் இருக்கிறது. "அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவர்கள் இந்த உவமையைச் சரியாக வாசிக்கவில்லை. எவ்வளவு என்று தெரியாத கடனை யாராலும் தள்ளுபடி செய்ய முடியாது.

பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதத்தையும் பாருங்கள், ஒரே அதிகாரம்தான். எஜமான் பிலேமோனைவிட்டுப் பிரிந்து போன அடிமை ஒநேசிமு பவுலிடம் வந்து விசுவாசியாகிவிட்டான். இனி அவன் சகோதரன், பழசை மறந்துவிடும் என்று பவுல் சுலபமாக எழுதியிருக்கலாம். அவர் எழுதியது: "அவன் உமக்கு யாதொரு அநியாயஞ்செய்ததும், உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." அடுத்த வரியில், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று என் சொந்தக் கையாலே எழுதினேன் என்கிறார். கணக்கை யாரும் கிழித்துப் போடவில்லை. இன்னொருவர் பெயருக்கு மாற்றினார்கள். சிலுவையைப் பற்றி எனக்குப் புரிந்த அளவில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கேள்விக்குறி எழுதியது:

கணக்காளர் ஐயா, இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சில்லறைச் சந்தேகம். இயேசு சொன்ன கதையில் கெட்ட குமாரன் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அடித்த கொழுத்த கன்று யாருடையது? இளையவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மிச்சமிருந்தது எல்லாம் மூத்தவனுக்குச் சேர வேண்டியது. விருந்து அவன் செலவில் நடக்கிறது, அவனைக் கூப்பிட ஆள் அனுப்பவும் இல்லை. அவன் வேலைக்காரனிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறான். கோபம் வராமல் என்ன செய்யும்?

மூத்தவள் எழுதியது:

இத்தனை வருஷத்தில் அந்த மூத்தவனுக்காக ஒருவர் வாதாடி இன்றுதான் பார்க்கிறேன், அதுவும் விசுவாசி அல்லாத ஒருவர். நன்றி.

சிற்றூழியன் எழுதியது:

நானும் வாதாடுகிறேன். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் தகப்பன் இரண்டு தடவை வெளியே வருகிறார், அதைக் கவனித்தீர்களா? இளையவனுக்காக ஓடி வந்தார். மூத்தவனுக்காகவும் விருந்தைவிட்டு எழுந்து வெளியே வந்தார். திட்டவில்லை, வருந்தி அழைத்தார். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது." சொத்து மறுபடி பங்கு போடப்படவில்லை. மூத்தவனின் உரிமை அப்படியே இருக்கிறது. இளையவனுக்குக் கிடைத்தது வஸ்திரம், மோதிரம், பாதரட்சை, ஒரு சாப்பாடு, மகன் என்ற பெயர்.

மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா சொல்லவில்லை. உங்களை இழுத்து உள்ளே தள்ள எனக்கும் உரிமையில்லை. தகப்பன் வெளியே உங்கள் பக்கத்தில் நிற்கிறார் என்பதை மட்டும் சொல்வேன். உங்கள் தம்பி பெற்ற அதே கிருபைதான் உங்களிடமும் வந்து பேசிக்கொண்டிருக்கிறது.

ஜெபவீரன் சகோதரர் முதலில் ஒரு வசனம் கொடுத்தார், அதோடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள். லூக்கா 17:3. "உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தால், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக." கடிந்துகொள் என்பதும் கர்த்தருடைய கட்டளைதான்.

மீண்டவன் எழுதியது:

இரண்டு நாளாக இதை வாசித்துவிட்டுப் பதில் போடாமல் மூடிவிடுகிறேன். இங்கே தம்பியின் இடத்திலிருந்து பேச ஒருத்தன் வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நானும் குடித்தவன், நிறுத்தியவன். விவரம் வேண்டாம், மூத்தவள் எழுதியதில் பெயரை மாற்றினால் போதும். இருநூறு பேர் முன்னால் "நான் பாவி" என்று சொல்வது எளிது. சத்தியமாகச் சொல்கிறேன், அது போதை மாதிரியே இருக்கும். எல்லாரும் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள். ஆனால் ஒரே ஒரு அக்காவின் முகத்தைப் பார்த்து "அந்தக் கையெழுத்தை நான்தான் போட்டேன்" என்று சொல்வது வேறு. கூட்டத்துக்குப் பாவம் என்ற சொல் போதும். அக்காவுக்குத் தேதியும் தொகையும் தெரியும்.

உங்கள் தம்பி உங்களை மறந்துவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. பயத்தில் சுற்றிப் போகிறான் என்று நினைக்கிறேன். இது சாக்கு இல்லை, காரணம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் பன்னிரண்டு படிகள் உண்டு, 1939லேயே எழுதியது. எட்டாவது படியில் நாம் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோமோ அவர்கள் பட்டியலை எழுத வேண்டும். ஒன்பதாவதில் முடிந்த இடத்திலெல்லாம் நேரில் போய் ஈடு செய்ய வேண்டும், அதனால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ காயம் வரும் என்றால் தவிர. அது ஏன் ஒன்பதாவது, ஏன் முதலாவது இல்லை என்று நான் கோபப்பட்டதுண்டு. முதல் நாளே அனுப்பியிருந்தால் நான் திரும்பக் குடிக்கப் போயிருப்பேன். முதலில் கடவுள் கையில் தன்னை ஒப்படைக்க வேண்டும், அப்புறம்தான் மனிதர் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரும். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவும் அப்படித்தானே? "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு முதலில் சொன்னார். நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னது அதற்கப்புறம். ஆனால் ஒன்று, அவன் அதே வீட்டில், வந்த விருந்தாளி முன்னாலேயே சொன்னான். என்னை மாதிரி வருஷக்கணக்காக இழுக்கவில்லை.

இரவுப்பறவை எழுதியது:

இழையைத் திசை திருப்புகிறேன் என்றால் மன்னியுங்கள். நீங்கள் எல்லாரும் மன்னிப்பு இருக்கிறது என்ற இடத்திலிருந்து பேசுகிறீர்கள். எனக்கு அது இல்லை என்று தோன்றுகிறது. எபிரெயர் 6:4-6 வாசித்தேன். ஒருமுறை பிரகாசிப்பிக்கப்பட்டு மறுதலித்துப்போனவர்களைப் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்று இருக்கிறது. நான் இரண்டு வருஷம் விசுவாசத்தை விட்டு விலகிக் கேலி செய்துகொண்டிருந்தேன். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பே இல்லை என்றும் இருக்கிறது. ராத்திரியெல்லாம் இதையே தேடித் தேடி வாசிக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது. கேட்டு முடித்த நிமிஷமே, சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றுகிறது.

சிற்றூழியன் எழுதியது:

திசை திருப்பவில்லை தம்பி அல்லது தங்கச்சி, வயது எனக்குத் தெரியாது. நல்ல வேளை எழுதினீர்கள்.

மாற்கு 3ஐத் திறந்து 28ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். எல்லாப் பாவங்களும், எந்தத் தூஷணங்களும் மன்னிக்கப்படும் என்பதுதான் முதலில் வருகிறது. எச்சரிக்கை அடுத்தது. அது யாருக்கு என்பதை 30ஆம் வசனமே சொல்லிவிடுகிறது: அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னபடியினாலே. கண்ணெதிரே தேவன் செய்வதைப் பார்த்துவிட்டு, அது பிசாசின் வேலை என்று தெரிந்தே சாதித்தவர்களிடம் சொன்னது. அவர்களில் யாரும் ராத்திரி தூங்காமல் மன்னிப்புக் கேட்கவில்லை.

எபிரெயர் 6 கடினமான பகுதிதான், அதைப் பூசி மெழுக மாட்டேன். ஆனால் திருச்சபை அதை எப்படி நடைமுறைப்படுத்தியது என்று பாருங்கள். கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியு, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். ஏராளமான கிறிஸ்தவர்கள் விழுந்துபோனார்கள். சிலர் பலி செலுத்தினார்கள், சிலர் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பி வந்தார்கள். ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர், இவர்களைச் சபை மறுபடி சேர்க்கவே கூடாது என்றார். வட ஆப்பிரிக்காவின் கர்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானும் 251இல் கூடிய ஆயர்களும், மனந்திரும்புதலின் காலத்துக்குப் பிறகு சேர்க்கலாம் என்றார்கள். நோவேஷியன் தனிச் சபை தொடங்கிப் பிரிந்தார். திருச்சபை அவர் பின்னால் போகவில்லை. நீங்கள் கேலி செய்தீர்கள். அவர்கள் உயிருக்குப் பயந்து பகிரங்கமாகவே மறுதலித்தார்கள். அவர்களுக்குக் கதவு திறந்திருந்தது.

பேதுருவையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை மறுதலித்தவரிடம் உயிர்த்தெழுந்த இயேசு மூன்று தடவை "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார். அவர் எப்படி மன்னிப்புக் கேட்டார், சரியான வார்த்தையில் கேட்டாரா என்று எங்கேயும் எழுதப்படவில்லை.

மெழுகுதிரி எழுதியது:

இரவுப்பறவைக்கு ஒரு அக்காவாகச் சொல்கிறேன். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இருந்தபோது இதே நிலையில் இருந்தார். பழைய பாவங்களையெல்லாம் எழுதி, சொல்லி முடித்த பிறகும், எதையோ விட்டுவிட்டோமோ என்று மறுபடி மறுபடி அறிக்கை செய்தார். உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனது. பழசைக் கிளறாதே என்று அவருடைய ஆன்ம குரு சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் அவர் அதிலிருந்து வெளியே வந்தார், அந்த அனுபவத்தால் மற்றவர்களுக்கும் வழி சொன்னார்.

நீங்கள் சொல்கிற இந்தச் சுழற்சிக்கு மருத்துவப் பக்கமும் உண்டு. எண்ணங்கள் விடாமல் திரும்பத் திரும்ப வருவதும், அதைத் தணிக்க ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதும் ஓசிடி என்ற மனநலப் பிரச்சினையின் ஒரு வடிவமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரைப் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உயிரை விடும் எண்ணம் எப்போதாவது வந்தால் அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ஊரில் உள்ள உதவி எண்ணை அழையுங்கள்.

ராத்திரியில் இந்த வசனங்களைத் தேடுவதையும் நிறுத்துங்கள். ஒரே ஒரு வசனம் போதும்: "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." யோவான் 6:37. எப்படி வருகிறவனை என்று அதில் நிபந்தனை இல்லை.

ஜெபவீரன்77 எழுதியது:

இரவுப்பறவைக்காக ஜெபிக்கிறேன். மூத்தவள் சகோதரி, நான் முதலில் எழுதியது அவசரமாக இருந்திருக்கலாம். வசனம் உண்மை. ஆனால் உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் எப்படிப்பட்டவர்?

மூத்தவள் எழுதியது:

கோபக்காரர். ஆனால் தினமும் சாப்பிடுவதற்கு முன் அவனுடைய தட்டையும் எடுத்து வைக்கச் சொல்வார், அவன் வீட்டுக்கே வராத நாட்களிலும். பேச மாட்டார், தட்டு மட்டும் இருக்கும். இதை அவனுக்குச் சொன்னதே இல்லை.

நெறியாளர் எழுதியது:

இழை நல்லபடி போகிறது, பூட்டும் எண்ணம் இல்லை. யாருடைய சபைப் பெயரையும் இங்கே போட வேண்டாம். அந்த வீடியோவுக்கு இணைப்புக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புபவர்கள் தயவுசெய்து நிறுத்தவும்.

கேள்விக்குறி எழுதியது:

எனக்குச் சரிப்பட்டு வராத ஒன்று இன்னும் இருக்கிறது. மன்னித்தால் நம்ப வேண்டுமா? நாளைக்கு அவன் வந்து அம்மாவின் வங்கிப் புத்தகத்தைக் கேட்டால், கிருபை என்று கொடுத்துவிட வேண்டுமா?

பழைய கணக்காளர் எழுதியது:

வேண்டாம். யோசேப்பைப் பாருங்கள். சொந்த அண்ணன்களே அவரைக் குழியில் போட்டு விற்றார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க அவர் முன்னால் வந்து நின்றபோது, ஆதியாகமம் 42லிருந்து 44 வரை மூன்று அதிகாரத்துக்கு அவர் தன்னை யாரென்று காட்டவில்லை. சோதித்தார். பென்யமீனை வைத்துப் பழைய சூழ்நிலையையே மறுபடி உண்டாக்கினார்: தகப்பனுக்குச் செல்லமான தம்பி ஒருவன், அவனை விட்டுவிட்டுத் தப்பிப்போக ஒரு வாய்ப்பு. அன்றைக்குத் தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்ன யூதாவே, "இவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன்" என்றபோதுதான் யோசேப்பு அவர்கள் முன்னாலேயே அழுதுவிட்டார். மன்னிப்பு அவர் மனதில் எப்போது வந்தது என்று நமக்குத் தெரியாது. நம்பிக்கை வர யூதாவின் அந்த வார்த்தை தேவைப்பட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்து இறந்த பிறகு, அண்ணன்களுக்கு மறுபடி பயம் வருகிறது, இனிமேல் பழி வாங்குவானோ என்று. 17 வருஷம் அவர் சோறு போட்டும் அவர்களால் மன்னிப்பை நம்ப முடியவில்லை! மன்னிப்பைக் கொடுப்பது கஷ்டம் என்று எல்லாரும் பேசுகிறோம். வாங்கிக்கொள்வதும் அப்படித்தான் போலிருக்கிறது. அப்போதும் யோசேப்பு "நீங்கள் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லவில்லை. நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிட்டுத்தான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றார்.

வங்கிப் புத்தகம் அம்மாவிடமே இருக்கட்டும்.

இரவுப்பறவை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டாக்டரிடம் நாள் குறித்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை, அக்காவிடம் மட்டும் சொன்னேன். நேற்று ஒரே ஒரு தடவை ஜெபித்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, ஆனால் மறுபடி எழுந்து ஜெபிக்கவும் இல்லை.

மீண்டவன் எழுதியது:

அதுவே பெரிய விஷயம்.

மூத்தவள் எழுதியது:

தம்பிக்கு போன் பண்ணினேன். வீடியோ பார்த்தேன் என்றேன். சத்தமே இல்லை. "அப்பா பெயர் வரவில்லையே" என்றேன். அப்படியும் சத்தம் இல்லை, அப்புறம் "சொல்ல வாய் வரலைக்கா" என்றான். நான் கத்துவேன் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. அன்பாகவும் பேசவில்லை. பணத்தைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் உட்கார்ந்து பேச வேண்டும், அம்மாவும் இருக்க வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றான்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அவன் சாகட்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை.

சிற்றூழியன் எழுதியது:

கேட்க மாட்டோம். அவனுடைய போதகரைக் கூட்டிக்கொண்டு வந்தால் வாசலிலேயே "இன்று குடும்பம் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். நானும் போதகர்தான், எங்களுக்கு இதெல்லாம் நேராகச் சொன்னால்தான் புரியும்.

மீண்டவன் எழுதியது:

அவன் அழுதால் உடனே "பரவாயில்லை" என்று சொல்லிவிடாதீர்கள் அக்கா. முழுவதும் பேசி முடிக்கட்டும். எங்களுக்கு அழுகையிலேயே தப்பித்துப் போகத் தெரியும்.

பழைய கணக்காளர் எழுதியது:

கையெழுத்து விஷயத்தை முதலில் பேசுங்கள், தொகை அப்புறம். தொகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் எவ்வளவு தருவான் என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். சின்னத் தொகையாக இருந்தாலும் மறுக்காதீர்கள். தகப்பனின் தட்டைப் பற்றி அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

மூத்தவள் எழுதியது:

எழுதிவிட்டேன் ஐயா. அப்பாவின் பணம் ஒரு வரி, நான் அடைத்த கடன் ஒரு வரி. அம்மாவின் மருந்துச் செலவைச் சேர்க்கவில்லை. அது அவன் கடன் இல்லை, நானாகச் செய்தது. தட்டைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். பணப் பேச்சு முடிந்த பிறகு.